ஏ.எஃப்.பி நார்மல்... அப்புறம் என்ன?

சில மாதங்களுக்குள் மூன்று பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருவர் புனேயிலிருந்து, ஒருவர் சூரத்திலிருந்து, இன்னொருவர் நம்ம நாக்பூரிலேயே, எங்கள் காலனிக்கு இரண்டு தெரு தள்ளி. மூன்று வீட்டிலும் ஒரு சிரோசிஸ் நோயாளி இருக்கிறார். "ஏ.எஃப்.பி டெஸ்ட் பண்ணியாச்சு சார், நார்மல்னு போட்டிருக்கு. கேன்சர் இல்லைன்னுதானே அர்த்தம்? இனிமே எதுக்கு ஸ்கேன்?" இதுதான் கேள்வி. போனில் சொல்லிச் சொல்லி மாளவில்லை. எழுதி வைத்துவிட்டால் அடுத்த முறை யாராவது கேட்டால் இதைப் படிக்கச் சொல்லிவிடலாம்.

டிஸ்கியை முதலிலேயே போட்டுவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. பி.காம். படித்துவிட்டு வங்கியில் சேர்ந்து, மூன்று வருஷத்துக்கு ஒரு ஊர் என்று சுற்றி, இப்போது நாக்பூரில் கடன் பிரிவில் உட்கார்ந்திருக்கிறேன். இந்த விஷயம் எனக்குத் தெரிய வந்தது என் அத்தானால். எங்கள் அக்கா வீட்டுக்காரர். இங்கே எழுதுவதை வைத்து யாரும் வைத்தியம் பண்ணிக்கொள்ள வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ள மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

அத்தான் பிலாயில் ஒரு தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷத்துக்கு மேல் சத்தீஸ்கர் மண். ஊர் அம்பாசமுத்திரம் பக்கம் என்றாலும் ரிட்டயர் ஆன பிறகு மகனோடு அங்கேயே தங்கிவிட்டார். 2021-ல் பித்தப்பைக் கல்லுக்கு ஆபரேஷன் செய்யப் போன இடத்தில், பிளேட்லெட் குறைவாக இருக்கிறதே என்று மேலும் பரிசோதித்ததில் சிரோசிஸ் என்று தெரிந்தது. கல்லீரல் தழும்பேறி இறுகிப் போகிற நிலை.

அத்தான் வாழ்க்கையில் ஒரு சொட்டு குடித்ததில்லை. ஊரில் இதை நம்ப வைக்க அக்கா பட்ட பாடு இருக்கிறதே, அது தனிப் பதிவுக்கு ஆகும். "வடக்கே போயி யாருக்குத் தெரியாம குடிச்சாரோ" என்று ஒரு சித்தி கேட்டே விட்டாள். இருபது வருஷ சர்க்கரை, தொண்ணூற்று நாலு கிலோ எடை, கல்லீரலில் கொழுப்பு. இதுவே போதுமாம். குடிக்காதவர்களுக்கு வரும் இந்தக் கொழுப்புக் கல்லீரல் நோய்க்கு 2023-ல் பெயரைக்கூட மாற்றிவிட்டார்கள். 'மது சாராத' என்பதை எடுத்துவிட்டு 'வளர்சிதை மாற்றக் கோளாறு சார்ந்த' என்று வைத்திருக்கிறார்கள். சித்திக்கு இதை அனுப்பலாமா என்று யோசித்தேன், விட்டுவிட்டேன்.

சிரோசிஸ் வந்தவருக்கு இரண்டு கவலை. ஒன்று, கல்லீரல் வேலை செய்யாமல் போவது. மற்றது, தழும்பேறிய அந்தக் கல்லீரலில் புற்றுநோய் முளைப்பது. எதனால் சிரோசிஸ் வந்தது என்பதைப் பொறுத்து மாறும் என்றாலும், சுமாராக நூறு சிரோசிஸ்காரர்களில் வருஷத்துக்கு ஒன்று முதல் நாலு பேர் வரைக்கும் இது வருகிறது. பத்து வருஷம் என்று கணக்குப் போட்டால் சின்ன எண் இல்லை. மோசமான விஷயம் என்னவென்றால், ஆரம்பத்தில் வலிக்காது. கல்லீரலின் உட்பகுதிக்கு வலி தெரியாது. மேலே இருக்கிற உறை இழுபடும்போதுதான் தெரியும். அப்போது கட்டி பெரிதாகியிருக்கும். அதனால்தான் ஒன்றும் இல்லாதபோதே ஆறு மாதத்துக்கு ஒரு முறை தேடச் சொல்கிறார்கள். அல்ட்ரா சவுண்ட் ஸ்கேன், கூடவே ஏ.எஃப்.பி ரத்தப் பரிசோதனை. இந்த வகைக் கட்டி சாதாரணமாக இரண்டு மடங்காக நாலு முதல் ஆறு மாதம் ஆகும் என்பதை வைத்துத்தான் அந்த ஆறு மாதக் கணக்கு.

சரி, இந்த ஏ.எஃப்.பி என்ன சமாசாரம்?

ஆல்ஃபா ஃபீட்டோபுரோட்டீன். தாயின் வயிற்றில் இருக்கும் சிசுவின் கல்லீரல் சுரக்கிற புரதம். பிறந்த பிறகு வேகமாகக் குறைந்து, நமக்கெல்லாம் ரத்தத்தில் பேருக்குத்தான் இருக்கும். 1963-ல் மாஸ்கோவில் கேரி அபெலேவ் என்கிற விஞ்ஞானியின் குழு, கல்லீரல் கட்டி உள்ள எலிகளின் ரத்தத்தில் இந்தச் சிசுப் புரதம் மறுபடி தலைகாட்டுவதைக் கண்டுபிடித்தது. அடுத்த வருஷமே டாட்டரினோவ் என்ற இன்னொரு சோவியத் விஞ்ஞானி மனித நோயாளிகளிடமும் அதைக் காட்டினார். புற்றாகிற செல் தன் வயதை மறந்து சிசுப் பருவத்து வேலையைச் செய்ய ஆரம்பிக்கிறது. அறுபது வருஷம் தாண்டியும் உலகம் முழுக்க இதுதான் முதல் ரத்தப் பரிசோதனை. விலையும் அதிகமில்லை, ஆயிரம் ரூபாய் சுமாருக்குள் முடிந்துவிடுகிறது.

பிரச்னை என்னவென்றால், எல்லாக் கல்லீரல் புற்றும் இதைச் சுரப்பதில்லை. மூன்றில் ஒரு பங்கு நோயாளிகளுக்கு ஏ.எஃப்.பி நார்மலாகவே இருக்கும். சின்னக் கட்டியாக இருக்கும்போது இன்னும் அதிகம் பேருக்கு. மறுபக்கம், புற்று இல்லாமலேயே இது ஏறும். ஹெபடைடிஸ் கிருமி கிளம்பிக் கல்லீரல் வீங்கினால் ஏறும். கர்ப்பிணிகளுக்கு ஏறும். விரைப்பையில் வரும் சிலவகைக் கட்டிகளுக்கும் ஏறும்.

நம் தொழில் கணக்குத்தானே, ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 20 நானோகிராமை எல்லைக்கோடாக வைத்தால், புற்று உள்ளவர்களில் சுமார் நூற்றுக்கு அறுபது பேரை இது பிடிக்கிறது, இல்லாதவர்களில் சுமார் தொண்ணூறு பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. நல்ல பரிசோதனை மாதிரித் தெரிகிறதா? ஆயிரம் சிரோசிஸ்காரர்களை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் 30 பேருக்குப் புற்று இருக்கிறது என்று வைப்போம். 18 பேர் மாட்டுவார்கள், 12 பேர் 'நார்மல்' சீட்டோடு வீட்டுக்குப் போவார்கள். மீதி 970 பேரில் 97 பேருக்கு வீண் அபாய மணி. ஆக மணி அடித்தது 115 பேருக்கு, உண்மை 18. அந்த 97 வீட்டிலும் அன்று ராத்திரி யாரும் தூங்கியிருக்க மாட்டார்கள். ஆனால் எனக்கு அந்தப் 12 பேர்தான் கவலை. தூங்காதவர்கள் மறுநாள் டாக்டரிடம் ஓடுவார்கள். நிம்மதியாகத் தூங்கியவர்கள்தான் அடுத்த முறை ஸ்கேனுக்கே போக மாட்டார்கள்.

ஸ்கேன் மட்டும் போதுமா என்றால் அதுவும் இல்லை. 2018-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், அல்ட்ரா சவுண்ட் தனியாக ஆரம்ப நிலைப் புற்றில் 45 சதவீதத்தைத்தான் பிடித்திருக்கிறது. ஏ.எஃப்.பி-யும் சேர்ந்தால் 63 சதவீதம். குண்டான உடம்பு என்றால் ஸ்கேன் இன்னும் மங்கல். கொழுப்பைத் தாண்டி ஒலி அலை சரியாகப் போய்த் திரும்பாது. அத்தான் மாதிரி ஆட்களுக்கு இது முக்கியம்.

வங்கிக்காரர்கள் சிரிக்க ஒரு தகவல். அமெரிக்கக் கல்லீரல் மருத்துவர் சங்கம் 2010-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஏ.எஃப்.பி நம்ப முடியாதது, ஸ்கேன் மட்டும் செய்யுங்கள் என்று அதைத் தூக்கிவிட்டார்கள். 2018-ல் 'வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளலாம்' என்றார்கள். 2023-ல் 'இரண்டையும் செய்யுங்கள்' என்று திரும்ப உட்கார வைத்துவிட்டார்கள். நம்ம சர்க்குலர் மாதிரியேதான்! பழைய சர்க்குலரை வைத்துக்கொண்டு பேசும் மேனேஜர் மாதிரி, இன்னமும் "ஏ.எஃப்.பி எல்லாம் வேஸ்ட்" என்று சொல்கிறவர்களும் உண்டு, "ஏ.எஃப்.பி மட்டும் போதும்" என்கிறவர்களும் உண்டு.

இனி அத்தான் கதை.

2021 நவம்பரிலிருந்து ஆறு மாதத்துக்கு ஒரு முறை டெஸ்ட். அக்கா ஒரு மஞ்சள் துணிப்பையில் எல்லா ரிப்போர்ட்டையும் போட்டு வைத்திருந்தாள். 2024 ஜூனில் அத்தான் என் வீட்டுக்கு வந்திருந்தார். பிலாயிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம். வந்த இடத்திலேயே அந்தத் தவணை டெஸ்ட்டையும் இங்கே எடுத்தோம். ஸ்கேனில் 'கட்டி ஏதும் தென்படவில்லை' என்று வந்தது. ஏ.எஃப்.பி 13.8. அந்த லேபின் நார்மல் எல்லை 15 வரை. ஆக நார்மல்.

"மூணு வருசமா நார்மல்தான் வருது மாப்ளே. எத்தனை தடவைதான் ரத்தத்தை உறிஞ்சுவானுவ? இனிமே வருசத்துக்கு ஒண்ணு எடுத்தாப் போதும்" என்றார் அத்தான். அவர் அலுத்துப்போயிருந்தார். அவரைச் சொல்லியும் குற்றமில்லை. ஒவ்வொரு டெஸ்ட்டுக்கும் முன்னால் ஒரு வாரம் வீட்டில் யாரும் சரியாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.

அன்று ராத்திரி பையைக் கொட்டி, எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக எக்ஸலில் ஏற்றினேன். பாசம் என்று பெரிதாகச் சொல்ல மாட்டேன், தொழில் புத்தி. வாடிக்கையாளரின் ஒரு நாள் பேலன்ஸைப் பார்த்து யாரும் கடன் கொடுப்பதில்லை. ஸ்டேட்மென்ட் வேண்டும். தவணை 90 நாள் தாண்டினால் வாராக் கடன். ஆனால் அதற்கு முன்னாலேயே எஸ்.எம்.ஏ. என்று மூன்று படி வைத்து, கணக்கு சாய ஆரம்பிக்கும்போதே பார்க்கச் சொல்கிறது ரிசர்வ் வங்கி. 89-ஆம் நாள் வரை 'நார்மல்' என்று சும்மா இருந்தால் நம் கழுத்துக்குக் கத்தி.

ஏற்றிப் பார்த்தால் வரிசை இப்படி: 2021 நவம்பர் 3.8. 2022 மே 4.1. 2022 நவம்பர் 5.6. 2023 ஜூன் 5.5. 2023 டிசம்பர் 9.6. 2024 ஜூன் 13.8.

நடுவில் அந்த 5.5 உறுத்தியது. அது ஊருக்குப் போன வழியில் சென்னையில் எடுத்தது. "குறைஞ்சிருக்குடே" என்று அத்தான் அப்போது எனக்குப் போன் பண்ணிச் சந்தோஷப்பட்டது ஞாபகம் இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தேன். மற்றதெல்லாம் நானோகிராம். சென்னை லேப் மட்டும் ஐ.யூ. என்கிற சர்வதேச அலகில் போட்டிருந்தது. ஒரு ஐ.யூ. என்பது சுமார் 1.21 நானோகிராம். டாலரையும் ரூபாயையும் ஒரே காலத்தில் எழுதின மாதிரி. மாற்றினால் 5.5 என்பது 6.7. அதாவது குறையவே இல்லை. இரண்டரை வருஷத்தில் ஒரு தடவைகூட இறங்காமல் 3.8 என்பது 13.8 ஆகியிருக்கிறது. ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் 'நார்மல்'. ஏனென்றால் ஒரு லேபுக்கு எல்லை 10, இன்னொன்றுக்கு 15. எந்த லேபும் இன்னொரு லேபின் ரிப்போர்ட்டைப் பார்ப்பதில்லை.

இது நம்மைப் போல ஊர் ஊராக மாற்றலாகிறவர்களுக்கு நடக்கிற விஷயம். சொந்த ஊரிலேயே இருக்கிறவர் ஒரே டாக்டர், ஒரே லேப், ஒரே ஃபைல் என்று இருப்பார். நமக்கு ஒரு ரிப்போர்ட் பிலாயில், ஒன்று சென்னையில், ஒன்று நாக்பூரில். ரிப்போர்ட் எல்லாம் இருக்கும், சேர்த்துப் பார்க்க ஆள் இருக்காது.

ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அப்போதுதான் முழுசாகப் படித்தேன். 'கட்டி தென்படவில்லை' என்பதற்கு இரண்டு வரி மேலே, உடல்வாகு காரணமாகக் கல்லீரலின் ஒரு பகுதி தெளிவாகத் தெரியவில்லை என்று சின்ன எழுத்தில் இருந்தது. தென்படவில்லை என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வித்தியாசத்தை, ஆடிட் ரிப்போர்ட் படித்துப் பழகியவனுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

மறுநாள் இங்கே ஒரு கல்லீரல் டாக்டரிடம் போனோம். மராத்திக்காரர், அதிகம் பேசாதவர். ஒரு பக்க எக்ஸல் பிரிண்டைக் கையில் கொடுத்தேன். ரிப்போர்ட் பையைத் தொடாமல் அந்தக் காகிதத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எஸ்.ஜி.பி.டி. அளவுகளைக் கேட்டார். கல்லீரல் வீக்கத்தால் ஏ.எஃப்.பி ஏறியிருந்தால் அதுவும் கூடவே ஏறியிருக்க வேண்டுமாம். அது மூன்று வருஷமாக 40-ஐச் சுற்றியே இருந்தது. "20 தாண்டினால் மட்டும் பார்க்கிற விஷயமில்லை இது. விடாமல் ஏறினாலும் பார்க்க வேண்டும்" என்று ஹிந்தியில் சொல்லிவிட்டு, எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தார். பின்னால் தேடிப் பார்த்தபோது 2023 வழிகாட்டுதலிலும் '20 அல்லது அதற்கு மேல், அல்லது ஏறிக்கொண்டே போவது' என்றுதான் இருக்கிறது.

எம்.ஆர்.ஐ-யில் வலது பக்கம் 1.8 சென்டிமீட்டரில் ஒரு கட்டி.

இந்த நோயில் பெரும்பாலும் ஊசி குத்திச் சதை எடுத்துப் பார்க்காமலேயே முடிவு சொல்லிவிடுகிறார்கள் என்பது எனக்குப் புதுசு. நல்ல கல்லீரலுக்கு முக்கால் பங்கு ரத்தம் குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. புற்றுக் கட்டியோ தமனி ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். மருந்தைச் செலுத்திப் படமெடுத்தால், தமனி ரத்தம் வரும் நொடிகளில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும், மற்ற கல்லீரல் பளிச்சிடும்போது இது மங்கிப்போகும். சிரோசிஸ் உள்ளவருக்கு இந்த அடையாளம் இருந்தால் போதும். டாக்டர் திரையில் காட்டினார். அத்தான் குனிந்து பார்த்துவிட்டு, "வெல்டிங் பொறி மாதிரி இருக்கு" என்றார். அக்கா பார்க்க மாட்டேன் என்று வெளியே போய்விட்டாள்.

அத்தான் கல்லீரலின் செயல்பாடு இன்னும் நல்ல நிலையில் இருந்தது. கட்டி ஒன்றே ஒன்று, இரண்டு சென்டிமீட்டருக்குள். 2024 ஆகஸ்ட்டில் தோல் வழியாக ஊசியைச் செலுத்தி, வெப்பத்தால் கட்டியைச் சுட்டார்கள். இரண்டு ராத்திரி ஆஸ்பத்திரி. அக்டோபரில் ஏ.எஃப்.பி 5.2. அதே லேப், அதே அலகு.

இதோடு முடிந்தது என்று யாரும் சொல்லவில்லை. கட்டி போனாலும் அதை முளைக்கவிட்ட சிரோசிஸ் அங்கேயேதான் இருக்கிறது. இப்படிச் சுட்டவர்களில் பாதிக்கு மேல் ஐந்து வருஷத்துக்குள் மறுபடி ஒன்று வருகிறது. திரும்ப வந்தால் மாற்றுக் கல்லீரல் என்ற பேச்சும் வரலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. 1996-ல் இத்தாலியின் மிலான் நகரில் வகுத்தது. கட்டி ஒன்று என்றால் 5 சென்டிமீட்டருக்குள், மூன்று வரை இருந்தால் ஒவ்வொன்றும் 3-க்குள். அந்த எல்லைக்குள் இருக்கும்போதே கண்டுபிடிப்பதற்குத்தான் இந்த ஓட்டமெல்லாம்.

இது வீண் பதற்றம், தேடித் தேடி என்ன கண்டுவிட்டார்கள் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு ஆய்வு. 1990-களில் சீனாவின் ஷாங்காய் நகரில், ஹெபடைடிஸ் பி இருந்த அல்லது முன்பு வந்துபோன சுமார் 18,800 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்கு மட்டும் ஆறு மாதத்துக்கொரு முறை ஸ்கேனும் ஏ.எஃப்.பி-யும் செய்தார்கள். 2004-ல் முடிவு வெளியானது. தேடப்பட்டவர்களில் கல்லீரல் புற்றால் இறந்தவர்கள் 37 சதவீதம் குறைவு. அழைத்தவர்களில் அறுபது சதவீதத்துக்கும் குறைவானவர்களே ஒழுங்காக வந்தார்கள் என்பதோடு சேர்த்துப் பாருங்கள். ஆய்வு நடந்த விதத்தில் குறை சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனாலும் எனக்கு அந்த எண் போதும்.

ஏ.எஃப்.பி-யை விட நல்லதாக ஒன்றும் இல்லையா என்று மருமகன் கேட்டான். அவன் கம்ப்யூட்டர்காரன், எல்லாவற்றுக்கும் அடுத்த வெர்ஷன் வேண்டும் அவனுக்கு. இருக்கிறது. இரண்டைச் சொல்லலாம்.

ஒன்று ஏ.எஃப்.பி எல்-3. புற்று செல்லிலிருந்து வரும் ஏ.எஃப்.பி-யில் தொங்கும் சர்க்கரைச் சங்கிலி கொஞ்சம் வேறு மாதிரி இருக்கும். அதைப் பிரித்தெடுக்க எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? மைசூர் பருப்பு! இங்கே நாம் தினம் பார்க்கிற மசூர் தால்தான். அந்தப் பருப்பிலுள்ள ஒரு புரதம் அந்த வகை ஏ.எஃப்.பி-யை மட்டும் இறுகப் பிடித்துக்கொள்ளும். மொத்த ஏ.எஃப்.பி-யில் அது பத்து சதவீதம் தாண்டினால் சந்தேகம். (மைசூர் பருப்பு சாப்பிட்டால் நல்லதா என்று அக்கா கேட்டாள். சம்பந்தமே இல்லை.)

இன்னொன்று பிவ்கா-2. டி.சி.பி. என்றும் எழுதுவார்கள். ரத்தம் உறைய உதவும் புரோத்ராம்பினைக் கல்லீரல் செய்யும்போது, வைட்டமின் கே இல்லாவிட்டால் அரைகுறையாக வரும். புற்று செல்லும் இந்த அரைகுறைச் சரக்கை வெளியே விடும். 1984-லேயே கண்டது. ஏ.எஃப்.பி ஏறாத சில கட்டிகளில் இது ஏறுகிறது என்பதால் இரண்டும் சேர்ந்தால் பலம். ஆனால் அசிட்ரோம், வார்ஃபரின் மாதிரி ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குப் புற்று இல்லாமலே கன்னாபின்னாவென்று ஏறும். அதைச் சொல்லாமல் டெஸ்ட் கொடுத்துவிட்டு அலற வேண்டாம். மஞ்சள் காமாலையில் பித்தம் அடைத்திருந்தாலும் இதே கதை. ஜப்பானில் இந்த மூன்றையும் சேர்த்தே கண்காணிக்கிறார்கள், ஆபத்து மிக அதிகம் உள்ளவர்களை மூன்று நாலு மாதத்துக்கு ஒரு முறை.

இந்த மூன்றோடு வயதையும், ஆணா பெண்ணா என்பதையும் சேர்த்து ஒரே மதிப்பெண்ணாகத் தரும் 'கலாட்' என்ற கணக்கை 2014-ல் பிரிட்டனில் உருவாக்கினார்கள். பேர் நமக்குப் பொருத்தமாகத்தான் இருக்கிறது, கலாட்டா மாதிரி. :-) நம் சிபில் ஸ்கோர் போல. ஏ.எஃப்.பி தனியாகச் செய்வதை விட நன்றாகப் பிடிக்கிறது, ஆனால் வீண் மணி அடிப்பது இதிலும் உண்டு. ரத்தத்தில் மிதக்கும் புற்று டி.என்.ஏ. துணுக்கைத் தேடும் பரிசோதனைகளும் வந்துகொண்டிருக்கின்றன. இப்போதைக்கு எதுவும் ஸ்கேனுக்குப் பதிலாக இல்லை என்றுதான் எங்கள் டாக்டர் சொன்னார். பிவ்கா-2 மட்டும் அத்தானுக்குச் சேர்த்துக்கொண்டார்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். சிரோசிஸும் இல்லை, ஹெபடைடிஸ் பி-யும் இல்லை, சும்மா லேபிலிருந்து தள்ளுபடி குறுஞ்செய்தி வந்தது என்று 'ஃபுல் பாடி செக்கப்'பில் ஏ.எஃப்.பி-யைச் சேர்த்து எடுக்கிறவர்கள் நம்மில் அதிகம். அது என் பார்வையில் காசுக்குக் கேடு. நோய் அபூர்வமான கூட்டத்தில் தேடினால் அடிக்கிற மணியெல்லாம் ஏறக்குறைய பொய் மணிதான். மேலே போட்ட கணக்கில் 30-க்குப் பதில் பூஜ்யம் புள்ளி சொச்சத்தைப் போட்டுப் பாருங்கள். அந்தக் காசில் ஹெபடைடிஸ் பி, சி டெஸ்ட்டை ஒரு தடவை குடும்பத்தோடு எடுத்துவிடுங்கள். பி இருக்கிறவர்களுக்குச் சிரோசிஸ் வராமலேயே புற்று வரலாம். அது இருப்பது தெரிந்தால் மாத்திரை இருக்கிறது. 2018-ல் தொடங்கிய மத்திய அரசின் தேசியத் திட்டத்தில் இலவசமாகவே தருகிறார்கள். தடுப்பூசியும் உண்டு.

கீழாநெல்லி பற்றிக் கேட்காமல் விடமாட்டீர்கள். எங்களுக்கும் ஊரிலிருந்து காய வைத்த கீழாநெல்லி ஒரு மூட்டை வந்தது. 1988-ல் சென்னையில் எஸ்.பி. தியாகராஜன் குழு, ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு வாங்கிய புளூம்பெர்க்கோடு சேர்ந்து கீழாநெல்லி பற்றி 'லான்செட்' இதழில் எழுதியது உண்மை. கிருமி நிறையப் பேருக்குப் போய்விட்டது என்றார்கள். பிறகு வேறு நாடுகளில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் வரவில்லை. அதோடு, அது கிருமிக்கான ஆராய்ச்சி. அத்தானுக்கு இருப்பது கொழுப்பு. "எதைச் சாப்பிட்டாலும் எனக்குத் தெரியாமல் சாப்பிடாதீர்கள்" என்றார் டாக்டர். மூட்டை பரண் மேல் இருக்கிறது.

அந்த மூன்று பேரிடமும் நான் சொன்னது இவ்வளவுதான். எல்லா ரிப்போர்ட்டையும் தேதிவாரியாக ஒரே காகிதத்தில் எழுதுங்கள். எண்ணுக்குப் பக்கத்தில் அலகையும், லேப் பெயரையும் எழுதுங்கள். முடிந்தவரை ஒரே லேபில் எடுங்கள். மாற்றலாகி வேறு ஊர் போனால் அலகை மாற்றிக் கணக்கிட்டுத் தொடருங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டில் கல்லீரல் முழுசாகத் தெரிந்ததா என்று பாருங்கள், தெரியவில்லை என்று இருந்தால் அதை டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள். நார்மல் என்று வந்த ரிப்போர்ட்டையும் தூக்கிப்போடாதீர்கள்.

சூரத் நண்பர் அவர் அப்பாவின் நாலு வருஷ ரிப்போர்ட்டை வரிசைப்படுத்தி அனுப்பினார். 6, 5, 7, 6, 5 என்று ஆடாமல் அசையாமல் இருக்கிறது. அவருக்கு அது நல்ல செய்தி. ஆனாலும் ஸ்கேனை விடவேண்டாம் என்றேன். புனேக்காரர் இன்னும் பழைய ஃபைலைத் தேடிக்கொண்டிருக்கிறார், வீடு மாறும்போது எங்கேயோ போய்விட்டதாம். லேப்களில் பழைய ரிப்போர்ட் கேட்டால் பெரும்பாலும் கம்ப்யூட்டரில் எடுத்துத் தருவார்கள், பதிவு செய்த போன் நம்பரைச் சொன்னால் போதும். அதைத்தான் அவருக்கும் சொல்லியிருக்கிறேன்.